தொலைதூரக் கல்வியும் உழைப்பாளியின் நேரமும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற விரும்பும் ஒருவருக்குப் பெரும்பாலும் திறந்திருக்கும் கதவு தொலைதூரக் கல்வி ஒன்றுதான். ஸ்ரீசிட்டியின் மின்னணு ஆலையில் ஷிப்ட் பார்க்கும் இளம்பெண், நகரியில் விசைத்தறி ஓட்டும் இளைஞர், திருப்பதியின் விடுதிகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோருக்கு முழுநேரக் கல்லூரி என்பது எட்டாக்கனி. இதே உழைப்பாளர்களின் நாள் வேலைநேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஆந்திர அரசு 2025 ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. வேலைநேரப் பிரச்சினையைத் தொழிற்சங்கம் பேசுகிறது. கல்விப் பிரச்சினையை மாணவர் அமைப்பு பேசுகிறது. இவை இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

தொடக்கத்தில் இருந்த நோக்கம்

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. திருப்பதியில் 1954 இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும் பின்னர் அவ்வழியில் பாடங்களை நடத்தத் தொடங்கியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982 இல் ஐதராபாத்தில் பிறந்தது. ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயருடன் தோன்றிய அந்நிறுவனம், 1991 முதல் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டியே 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாத 18 வயது நிரம்பியவரும் ஒரு தகுதித் தேர்வு எழுதிப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று ஐதராபாத் பல்கலைக்கழகம் வழிவகுத்தது. வறுமையினாலும் சாதியினாலும் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. அதைச் சிறுமைப்படுத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை.

மையம் என்னும் அறை

இம்முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது? பல்கலைக்கழகம் பாடநூல்களை அச்சிட்டு அனுப்புகிறது அல்லது இணையத்தில் ஏற்றுகிறது. ஊரிலுள்ள ஒரு கல்லூரியின் சில அறைகள் கல்வி மையமாகின்றன. விடுமுறை நாட்களில் அங்கே நேர்முக வகுப்புகள் நடக்கின்றன. அக்கல்லூரியின் ஆசிரியர்களே வகுப்புக்கு இவ்வளவு என்ற மதிப்பூதியத்தில் பகுதிநேர ஆலோசகர்களாகிறார்கள். மாணவர் ஒப்படைப்புகளை எழுதித் தர வேண்டும். பிறகு பருவத் தேர்வு. பல பாடங்களில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 விழுக்காடு.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நூல்கள் தாமதமாகி, நேர்முக வகுப்புகள் சுருங்கி, விடைத்தாள் திருத்தியவர் ஒரு சொல்லும் எழுதாமல் திருப்பித் தரும்போது அது வெறும் தேர்வு நடத்தும் இயந்திரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் எல்லோருக்கும் பயன்படுவதில்லை. திருப்பதியில் விடுதி, உணவகம், வாகனத் தொழில்களில் உள்ளவர்களுக்குப் பக்தர் கூட்டம் பெருகும் வார இறுதியே மிகக் கடுமையான வேலை நாள். கல்வி மையத்தின் கால அட்டவணை அலுவலக ஊழியரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஷிப்ட் தொழிலாளியை அல்ல.

வாரத்துக்கு 23 மணி நேரம்

தொலைதூரக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் மொத்தம் 3,600 மணி நேரம். ஆண்டுக்கு 1,200, வாரத்துக்கு ஏறத்தாழ 23, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். இவ்வளவு நேரம் மாணவரிடம் இருக்கிறது என்ற அனுமானத்தின் மீதே இப்பட்டம் கட்டப்பட்டுள்ளது.

அந்த நேரம் எங்கே இருக்கிறது? வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறவில்லை என்று ஆந்திர அரசு சமாதானம் சொல்கிறது. ஆனால் அதே திருத்தம் மூன்று மாதத்துக்கு 75 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பை 144 ஆக்கியுள்ளது. 144 மணியை 13 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 11 மணி. படிப்புக்குத் தேவையான 23 மணியில் ஏறத்தாழப் பாதியை இந்த ஓவர்டைமே விழுங்கிவிட முடியும். பத்து மணி வேலை, ஆலைப் பேருந்தில் போக வர ஆகும் நேரம், பெண் தொழிலாளியாயின் சமையலும் குழந்தையும் எனக் கழித்துப் பார்த்தால், எஞ்சுவது தூக்கம் மட்டுமே. அதை வெட்டித்தான் அவர் படிக்க வேண்டும். அவர் படிப்பை இடையில் விட்டால், அதைத் தனிமனிதரின் முயற்சிக் குறைவாக எழுதி வைப்பார்கள்.

சோவியத் ஒன்றியத்தில் அஞ்சல்வழியிலும் மாலைநேரத்திலும் படித்த தொழிலாளர்களுக்குத் தேர்வுக் காலத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தொழிலாளர் சட்டம் உறுதி செய்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974 இல் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கான 140 ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை.

கல்வியா, வருவாய் இனமா?

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதி குறையக் குறைய, தொலைதூரக் கல்வி இயக்ககங்கள் மாணவர் கட்டணத்தில் இயங்கி, தாய்ப் பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறையை நிரப்பும் உண்டியல்களாயின. கடைச்சரக்கான கல்வியின் விலையை மாணவர்களே கொடுத்தார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைதூர வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் இடைநிறுத்தியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் பாடங்களுக்கு 2014-15 க்குப் பின் அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. தவறு செய்தவை நிறுவனங்கள், தவித்தவர்கள் மாணவர்கள்.

2020-21 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் இருந்த ஏறத்தாழ 4.13 கோடிப் பேரில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைதூர மாணவர்கள். ஒன்பது பேரில் ஒருவர். 2035 க்குள் உயர்கல்விச் சேர்க்கையை 50 விழுக்காடாக்கப் போவதாகக் கூறும் தேசியக் கல்விக் கொள்கை 2020, அதற்குத் தொலைதூர, இணையவழிக் கல்வியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. புதிய கல்லூரி கட்டாமலும் ஆசிரியரை நியமிக்காமலும் சேர்க்கை எண்ணிக்கையை உயர்த்தும் மலிவான வழி இது.

எல்லையில் தமிழ் மாணவர்

சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளின் தமிழ் பேசும் உழைப்பாளர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அம்பேத்கர் பல்கலைக்கழகம் தெலுங்கு, ஆங்கிலம், உருது வழியில் பட்டப் பாடங்களை நடத்திவந்தது, தமிழ்வழி இல்லை. 2014 பிரிவினைக்குப் பின் அதன் தலைமையகம் தெலங்கானாவில் அமைந்தது. பிரிவினைச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை நிறுவனங்களைப் பற்றிய தகராறில் அதுவும் சிக்கியது. மறுபுறம், 2002 இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பாடங்களை வைத்திருக்கிறது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே கல்வி மையம் நடத்தக்கூடாது என்பது மானியக் குழுவின் விதி. எனவே நகரித் தொழிலாளி வகுப்புக்கும் தேர்வுக்கும் எல்லை தாண்டிப் போக வேண்டும்.

தனியார் முகவர்கள் ஊர்தோறும் மையம் திறந்து ஏமாற்றியதைத் தடுக்கவே அவ்விதி வந்தது. அந்நோக்கம் சரியானது. ஆனால் இரு மாநில அரசுகளும் உடன்பட்டு, ஓர் அரசுக் கல்லூரியில் மையம் அமைப்பது முகவர் வியாபாரம் ஆகாது. அதற்கு விதியில் விலக்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

நமது நிலை

நம் அணிகளுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உள்ளன. தொலைதூரக் கல்வி இரண்டாந்தரமானது, அதை எதிர்க்க வேண்டும் என்பது ஒன்று. எப்படியோ ஏழைக்கும் பட்டம் கிடைக்கிறது, குறை சொல்ல வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் கருத்து, முழுநேரக் கல்லூரிக்குப் போக முடியாதவரைக் கைவிடுகிறது. இரண்டாவது, அவருக்குக் குறைந்த தரமே போதும் என்று ஒப்புக்கொள்கிறது. முழுநேர அரசுக் கல்லூரிகளுக்காகப் போராடும் அதே வேளையில், வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு நேரமும் ஆசிரியரும் மொழியும் கிடைக்கப் போராடுவதே சரியான நிலை.

ஆகவே, வேலைநேரத் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையோடு, சம்பளத்துடன் தேர்வு விடுப்பு என்ற கோரிக்கையையும் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் முன்வைக்க வேண்டும். கல்வி மையங்களுக்கு நிரந்தர ஆசிரியர்கள், ஷிப்டுக்கு ஏற்ப வார நாட்களில் காலை, மாலை வகுப்புகள், அரசு நிதியில் குறைந்த கட்டணம், எல்லைப் பகுதிகளில் தமிழ்வழி மையம் ஆகியவற்றுக்காக மாணவர் இயக்கம் குரல் கொடுக்க வேண்டும். 1995 இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி என்னும் கருத்தும் இங்கே பயன்படும்: உள்ளூர் மக்களின் தேவைக்காக உள்ளூரிலேயே இயங்கும் கல்லூரி என்ற பொருளில், ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள உழைப்பாளர்களுக்கும் கல்லூரியாக வேண்டும்.

கிளைகள் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தம் பகுதி ஆலைகளிலும் தறிக்கூடங்களிலும் தொலைதூர வழியில் படிப்போர் யார், யார் படிப்பை விட்டார்கள், எதனால் விட்டார்கள் என்று கேட்டறிந்து பட்டியல் எடுங்கள். சங்க அலுவலகத்தில் ஒரு மேசையும் விளக்கும் படிக்க வருபவருக்காக ஒதுக்குங்கள். எட்டு மணி நேர வேலைக்கான மே தினப் போராட்டம், எட்டு மணி உறக்கத்தோடு, தொழிலாளி தன் விருப்பப்படி வாழ எட்டு மணி நேரத்தையும் கேட்டது. தொலைதூர மாணவரின் புத்தகம் திறக்கப்பட வேண்டியது அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான்.