கடிபட்ட கோழியின் முதல் ஒரு மணி நேரம்

வாய்க்கால் கரையும் வயல் வரப்பும் கிளுவை வேலியும் வீட்டுக் கொல்லையோடு ஒட்டிக் கிடக்கும் காரைக்கால் பகுதியில், குறிப்பாக நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு போன்ற கொம்யூன்களில் (பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து வழங்கிவரும் உள்ளாட்சிப் பிரிவுகள் இவை), நாட்டுக்கோழி வளர்ப்பவர் எவரும் கீரி, மரநாய், காட்டுப்பூனை, வல்லூறு, தெருநாய் ஆகியவற்றுக்கு நடுவில்தான் அதை வளர்க்கிறார். இவற்றின் பிடியிலிருந்து தப்பி வந்த கோழிக்குப் பெரும்பாலான வீடுகளில் எழுதப்படாத தீர்ப்பு ஒன்று உண்டு: உயிர் போவதற்குள் அறுத்துவிடுவது. அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானதே; ஆயினும் காயத்தைப் பார்க்காமலேயே அது வழங்கப்படுவதும், முட்டையிடும் பெட்டையொன்று அன்றைய குழம்போடு முடிந்துபோவதும் வீட்டுப் பெண்களின் சிறு வருமானத்துக்கு நேரும் தேவையற்ற இழப்பு. 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் புறக்கடைக் கோழியினங்கள் ஏறத்தாழ 31.7 கோடி எனவும், 2012 ஐ விட 45 விழுக்காட்டுக்கு மேல் பெருகியுள்ளன எனவும் காட்டுகிறது. இத்தனை பெருகிய பின்னும் ஒற்றைக் கோழியின் காயத்துக்கு மருத்துவம் என்பதை வியப்போடு பார்க்கும் மனநிலை மாறவில்லை.

கடித்தது எது என்பதைக் காயமே ஓரளவு சொல்லிவிடும். கீரி கழுத்தையும் தலையையும் கவ்வும். வல்லூறின் நகம் முதுகில் இறங்கும். நாய் கவ்விக் குலுக்குவதால், மேல்தோல் கிழியாதபோதும் உள்ளே தசை நைந்துபோயிருக்கும். கோழியின் தோல் மிக மெல்லியது; இறகு அதை முழுதும் மூடியிருப்பதால், ஒரு துளி இரத்தம் மட்டும் தெரியும் இடத்தில் இறகை எதிர்த்திசையில் விலக்கிப் பார்த்தால்தான் பற்கள் பதிந்த துளைகள் புலப்படும். அவ்விடத்தைச் சுற்றித் தோல் காற்றடைத்து உப்பியிருந்தால், நுரையீரலோடு இணைந்து உடல் முழுதும் பரவியுள்ள ஒன்பது காற்றுப்பைகளில் ஒன்று துளைபட்டிருக்கலாம்; அது கைவைத்தியத்துக்கு உரியதன்று.

எனினும் கடிபட்ட கோழியை முதல் ஒரு மணி நேரத்தில் கொல்வது பெரும்பாலும் காயம் மட்டுமன்று, அதிர்ச்சி, அதாவது உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்து உடல் குளிர்ந்துபோகும் நிலை. கொண்டை வெளுக்கும், கால் சில்லிடும், கண் செருகும். கோழியின் இயல்பான உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கோழியைத் துடைத்து, வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, ஒரு முனையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பின் சூடு படச் செய்வதே முதல் மருந்து. இந்த நேரத்தில் அன்பினால் செய்யப்படும் இரண்டு காரியங்கள் கோழியைக் கொன்றுவிடக்கூடும். ஒன்று, நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்பது: கோழிக்கு உதரவிதானம் எனும் மூச்சுத்தசை நம்மைப் போல் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மற்றொன்று, அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது: மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் எளிதில் நுரையீரலுக்குப் போய்விடும். கோழி தானே தலை நிமிர்ந்த பின், கிண்ணத்தில் வைத்தால் போதும்.

கோழி தேறியதும், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்து, காயத்தின்மேல் தாராளமாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அதன்பின் வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் போதுமானது. பல் பதிந்த துளையை உடனே தைத்து மூடுவது தவறு, ஏனெனில் கிருமி உள்ளே அடைபட்டுவிடும். பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா எனும் பாக்டீரியாவே கோழிக் காலராவுக்கும் காரணம். லூயி பாஸ்டர் 1880 இல் தடுப்பூசிக் கொள்கைக்கு வித்திட்டது இந்நோயின் கிருமியை ஆராய்ந்தபோதுதான். கோழியின் சீழ் ஒழுகாமல் பாலாடைக்கட்டி போல் இறுகிக் கிடக்குமாதலால், மேலே ஆறிய காயம் உள்ளே ஆறியதற்குச் சான்றாகாது. ஆகவே ஆழமான துளைக்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும். அவர் சொல்லும் நாள்கள் முடியும்வரை அக்கோழியின் முட்டையையும் கறியையும் உண்ணக் கூடாது.

மேலோட்டமான காயத்துக்குக் கைவசமுள்ள மரபு மருந்து மதிப்புள்ளது. தஞ்சாவூர் வட்டாரத்தில் மரபுசார் கால்நடை மூலிகை மருத்துவத்தைப் பரப்பிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தியின் குறிப்புகளில் இடம்பெறும் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சும் களிம்பு ஈயை அண்டவிடாது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால், கோழி உயிரோடு அரிக்கப்படும். ஆகவே காலையும் மாலையும் காயத்தைத் திறந்து பார்ப்பது மருந்தைவிட முக்கியம். ஆறும்வரை கோழி தனியே பஞ்சாரத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும்.

குடல் வெளிவந்ததும் முதுகெலும்பு முறிந்ததும் வேறு வகை. அங்கே வேதனையை நீட்டிக்காமல் விரைவில் முடிப்பதே கருணை, அதைத் தள்ளிப்போடுவதில் பாசம் எதுவுமில்லை.

இரை கிடைத்த இடத்துக்கு விலங்கு மறுநாளும் வரும். கீரியையும் மரநாயையும் அடித்துக் கொல்வது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; கொல்லவும் தேவையில்லை. கடைகளில் கோழிவலை என விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வலுவான பல்லை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்கிக் கட்டி, கூண்டின் ஓட்டையை அன்று மாலையே அடைத்துவிட வேண்டும்.