மாதச் சந்தாவைப் பார்க்காதீர்கள், விநாடிக் கணக்கைப் பாருங்கள்

நாலு வரி டைப் செய்தால் போதும், விளம்பர வீடியோ தயார் என்று சொல்லும் ஏஐ வீடியோ சாஃப்ட்வேர்கள் இன்று ஏராளம். ரன்வே, பிகா, கிளிங், கூகுளின் வியோ என்று பட்டியல் நீள்கிறது. கம்பெனிகளின் மார்க்கெட்டிங் டீம்கள் இவற்றில் ஒன்றை உடனே வாங்கிவிடத் துடிக்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலிருந்தே சிறு வியாபாரம் செய்யும் வாசகர்களுக்கும் இந்த ஆசை வந்திருக்கும். ஆசையில் தவறில்லை. தேர்ந்தெடுக்கும் முறையில்தான் தவறு நடக்கிறது. அந்தத் தவறை நானும் செய்தேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி, கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் தயாரிக்கிறது. மார்க்கெட்டிங் டீமில் மூன்றே பேர். "நீங்க இன்ஜினியர், எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். நான் ஐந்தாறு தளங்களுக்குப் போய் அவர்கள் வைத்திருந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்தேன். எது கண்ணுக்கு அழகாக இருந்ததோ அதைச் சொன்னேன். ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டார்கள்.

எங்கள் முதல் வீடியோவில் ஒரு கடைக்காரர் சிரித்த முகத்தோடு பில் போடுகிறார். அவர் முன்னால் இருந்த திரையில் தெரிந்தது எங்கள் சாஃப்ட்வேரே அல்ல. எங்களிடம் இல்லாத பட்டன்கள், எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். சின்னதாகத்தானே தெரிகிறது என்று விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து, வீடியோவைப் பார்த்து வாங்கிய மளிகைக்கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அந்தப் பச்சை பட்டன் எங்க இருக்கு தம்பி? அதை அமுக்கினா ஸ்டாக் கணக்கு வருதே, வீடியோல பார்த்தேனே" என்றார். அப்படி ஒரு பட்டனே கிடையாது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், வீடியோவையும் எடுத்துவிட்டோம். அவர் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார். அவர் நினைத்தது சரிதான்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த சாஃப்ட்வேர்கள் எதையும் படம் பிடிப்பதில்லை. பழைய டிவியில் ஆன்டெனா சரியில்லாதபோது தெரியும் புள்ளிகளைப் போன்ற ஒன்றில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளை நீக்கி, நீங்கள் எழுதிய வரிகளுக்குப் பொருத்தமான காட்சியைக் கற்பனை செய்கின்றன. அடுத்த முறை அதே வரிகளைக் கொடுத்தால் வேறு புள்ளிகளில் தொடங்கி வேறு காட்சி வரும். கடைத்தெருவையும் கடலையும் இப்படிக் கற்பனை செய்யலாம். உங்கள் பொருளைக் கற்பனை செய்யக் கூடாது.

2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சோராவை அறிவித்தது. அடுத்த மாதமே, கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த ஷை கிட்ஸ் என்ற குழு சோராவில் உருவாக்கிய 'ஏர் ஹெட்' குறும்படம் வெளியானது. தலைக்குப் பதிலாக மஞ்சள் பலூன் உள்ள மனிதனின் கதை. உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் பலூனின் நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறியது என்றும், பலூன் மேல் முகம் முளைத்தது என்றும், வேண்டாதவற்றை எடிட்டிங்கில் அழித்தார்கள் என்றும் அந்தக் குழுவே பிறகு பேட்டியில் சொன்னது. உருவாக்கியதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான் படத்தில் இடம் பிடித்ததாம். மாடல்கள் அதற்குப் பிறகு நன்றாகவே முன்னேறிவிட்டன. 2025 மே மாதம் வந்த வியோ 3, காட்சியோடு ஒலியையும் சேர்த்தே தருகிறது. ஆனாலும் நாம் பார்க்கும் மாதிரி வீடியோ பல முயற்சிகளில் பொறுக்கி எடுத்தது என்பது மாறவில்லை.

இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. ரன்வேயின் ஸ்டாண்டர்ட் பிளானில் 2025ல் மாதத்துக்கு 625 கிரெடிட் கொடுத்தார்கள். ஜென்-4 மாடலில் ஒரு விநாடி வீடியோவுக்கு 12 கிரெடிட் செலவாகும். வகுத்துப் பாருங்கள், மொத்தமே 52 விநாடி. பத்து முயற்சியில் ஒன்றுதான் தேறும் என்றால் கையில் நிற்பது ஐந்து விநாடி! எனவே மாதச் சந்தா எவ்வளவு என்ற கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. பயன்படுத்தத் தகுந்த ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் கேட்க வேண்டும். பிளான்களும் விலைகளும் அடிக்கடி மாறுவதால், வாங்கும் நாளில் நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. சிந்தீசியா, ஹேஜென் போன்றவை வேறு வகை. இவை காட்சியை உருவாக்குவதைவிட, நீங்கள் எழுதிக் கொடுப்பதை ஒரு செயற்கை மனிதர் கேமரா முன் நின்று பேசுவதுபோல் காட்டுவதற்கானவை. பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்குபவர்களுக்கு இதுதான் பொருந்தும். நாங்கள் முதலில் இந்தப் பக்கமே போகவில்லை. ஆங்கிலத்தில் அழகாகப் பேசுகிறதே என்று மயங்கிவிடாமல், உங்கள் தமிழ் வசனத்தைக் கொடுத்து 'வாடிக்கையாளர்', 'தள்ளுபடி', 'மழைக்காலம்' எல்லாம் எப்படி வருகிறது என்று காதால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீடியோவுக்குள் தமிழ் எழுத்தை வரையச் சொல்லவே வேண்டாம், கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் புரோகிராமிலேயே டைட்டிலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலர் கேட்பது, இதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று. தேவையில்லை. வேலையெல்லாம் அவர்களின் சர்வரில் நடக்கிறது, உங்களுக்கு பிரவுசரும் இண்டர்நெட்டும் போதும். அலிபாபா 2025ல் இலவசமாக வெளியிட்ட வான் 2.1 போன்றவற்றைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்ட நினைத்தால்தான் கார்டு வேண்டும். அதன் சிறிய மாடலுக்கே 8 ஜிபிக்குச் சற்று மேல் கிராபிக்ஸ் மெமரி தேவை.

உரிமை விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தன் பயர்ஃபிளை வீடியோ மாடலுக்கு, உரிமம் பெற்ற படங்களையும் காப்புரிமை முடிந்தவற்றையும் கொண்டு பயிற்சி கொடுத்ததாக அடோபி சொல்கிறது. எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி மேல் வழக்குப் போட்டன. நிஜம்போலத் தெரியும் செயற்கை வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2024 மார்ச் முதல் உள்ளது.

இப்போது எங்கள் டீம் சாஃப்ட்வேர் திரையை ஓபிஎஸ் புரோகிராமில் நேரடியாகப் பதிவு செய்கிறது. ஏஐ வீடியோ முன்னால் வரும் ஐந்து விநாடிக் கடைத்தெருக் காட்சிக்கு மட்டும்தான். போன வாரம் அதே காட்சியைப் பத்து முறை உருவாக்கிப் பார்த்தோம், இரண்டு தேறியது. வருடச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. இந்த முறை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறேன்.