கம்பளி மைதானம்

ஹட்டன் பகுதியிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பூதங்களும் குள்ளர்களும் கவசமணிந்து பந்துக்காக மோதும் மேசை விளையாட்டு ஒன்றின் படங்களைக் கண்டாராம். அதற்குரிய சிற்றுருவங்களை வாங்க வீட்டில் வசதியில்லை. எனவே அட்டையில் பதினொருவரை வெட்டி வர்ணமும் தீட்டிவிட்டார். ஆனால், தோழர்களுக்குக் காட்ட வெட்கமாயிருக்கிறதாம்.

அட்டை என்றதும் குனிந்து காலைப் பார்க்கும் மலைநாட்டு நேயர்கள் அஞ்சவேண்டா. நாம் கூறுவது காகித அட்டையைத்தான்!

வெட்கம் எதற்குத் தம்பி? அவ்விளையாட்டுப் பிறந்ததே அட்டையில்தான். ‘பிளட் பௌல்’ எனும் அதனை ஜேர்விஸ் ஜோன்சன் என்பவர் அமைத்தார். இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனத்தார் 1986இல் வெளியிட்டனர். அன்று பெட்டியிலிருந்த வீரர் யாவரும் அட்டை உருவங்களே. 1988இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் பிளாஸ்திக் வீரர்கள் பெட்டிக்குள் புகுந்தனர்.

அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு மூத்தது, விரலாற் சுண்டி ஆடும் ‘சபுட்டியோ’ எனும் மேசை உதைபந்தாட்டம். பீற்றர் அடொல்ப் என்பவர் 1947இல் அதனை விற்கத் தொடங்கியபோதும் வீரர்கள் அட்டையாலானவர்களே. மைதானமோ பெட்டியில் இல்லவே இல்லை! ஒரு சோக்குத் துண்டு மாத்திரம் இருந்தது. பழைய இராணுவக் கம்பளியை விரித்து, கோடுகளை நீங்களே கீறிக்கொள்ளுங்கள் என்றார்கள். உலகப் போர் முடிந்திருந்த காலம். பொருள்களுக்குப் பஞ்சமிருந்தது, பழைய கம்பளிக்குப் பஞ்சமில்லை.

கம்பளியின் அருமையை நம் தோட்டத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுமா? கொட்டும் மழையிலும் கடுங்குளிரிலும் நம் முன்னோரின் தலையையும் தோளையும் காத்தது அதுவன்றோ!

அட்டையிலிருந்து களிமண்ணுக்கு ஏற விரும்பும் மாணவருக்குச் சில சொல்வோம். பெருவிரல் உயரம் போதும். கைகளை உடலோடு ஒட்டியே அமைக்க. நீட்டிய கை முதலாட்டத்திலேயே முறியும். பாதத்தின் கீழ் வட்டத் தட்டொன்று வைக்க. வெயிலிற் காய்ந்தால் வெடிக்கும்; நிழலில் உலர்த்துக. மழை மாதங்களில் நம் பக்கத்தில் மண் எளிதிற் காயாது. தையும் மாசியும் நன்று. உலர்ந்தபின் வெள்ளை பூசி, அதன்மேற் சட்டையின் நிறத்தைத் தீட்டுக. நீர்த்த கருநிறத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடுகளில் வெளிர்நிறத்தை இலேசாகத் தொட்டால், தூரத்திலிருந்தும் முகம் தெரியும். நவராத்திரிப் பொம்மைக்குச் செய்வதுபோல், கண்ணை இறுதியில் எழுதுக.

மாணவரின் கடிதத்தில் இன்னுமொரு வரி உண்டு. தம் குழுவின் தலைவனுக்கு இரும்புக் கவசம் வரைய வரவில்லையாம். ஆகையால் அம்மாவின் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிவிட்டாராம். “சிரிப்பார்களா?” என்று கேட்கிறார்.

முதலிற் சிரிக்கலாம். ஆயினும், மற்றைய வீரர்களைப் பணங்கொடுத்து எவரும் வாங்கலாம்; கூடை சுமந்த இந்தத் தலைவன் எந்தக் கடையிலும் கிடையான். நாளெல்லாம் மலையேறி இறங்கும் முதுகின் வலிமையை அறிந்தவனுக்கே அப்படியொரு கவசம் தோன்றும். அந்த வீரனை முதலில் அம்மாவிடம் காட்டு, தம்பி. பிறகு கம்பளியை விரித்துத் தோழர்களை அழை. ஆட்டத்தின் முடிவை நமக்கு எழுதியனுப்ப மறவாதே!