பத்து மணிக்குள் நெருப்பு

எளாவூர் ஸ்டேஷனில் சூலூர்பேட்டை வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. ஜனவரிக் காலை, பனி விலகவில்லை. கொஞ்சம் தள்ளி, பழவேற்காடு ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் தன் ஓலைக் கொட்டகையைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லைக் கொளுத்திக்கொண்டிருந்தார். கையில் ஈர வேப்பங்கொத்து. தீ முழங்கால் உயரம்கூட இல்லை.

"இன்னா பெரியவரே, நீங்களே வெக்கிறீங்க?"

"இப்ப வச்சா நம்ம பேச்சு கேக்கும் தம்பி. சித்திரையில அதுவா பத்திக்கினா கேக்காது."

காட்டுத்தீ நிபுணர்கள் இதைச் சொல்ல நூறு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்க வனத்துறை 1935-ல் ஒரு விதி போட்டது. எங்கே தீயைக் கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும். நம் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் மாதிரி. மும்முரமாக அணைத்தார்கள். எரியாத சருகும் சுள்ளியும் வருஷா வருஷம் பாக்கி நின்றது. நான் பி.காம்., பாக்கி ஏறினால் என்ன ஆகும் என்று தெரியும். 1978-ல் விதியைக் கைவிட்டார்கள்.

சத்தியமங்கலம் காட்டைத் தாண்டி, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோலிகர்கள் நம் பெரியவர் கட்சி. கோடைக்கு முன்பே, சருகு மட்டும் எரிகிற மாதிரி சின்னதாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். 'தரகு பெங்கி' என்று பெயர். 1974-ல் மலை சரணாலயமானது. தீ வைக்கத் தடை வந்தது. அதற்கப்புறம்தான் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியது என்பது அவர்கள் புகார். ஆராய்ச்சியாளர்களும் இதைக் காதில் போட்டுக்கொண்டு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாக் காட்டுக்கும் இது ஆகாது ஸார். ஈரமான சோலைக்காடு தீயைத் தாங்காது. நீங்கள் தீப்பெட்டியோடு கிளம்பிவிட வேண்டாம். கேஸ் போடுவார்கள்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல், சாட்டிலைட் கண்ட தீயை வனத்துறைக்குத் தெரிவிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த சாட்டிலைட் ஒரு நாளைக்குச் சில தடவைதான் தலைக்கு மேல் போகும். தீ அதற்காகக் காத்திருக்காது.

குரங்கணியில் காத்திருக்கவில்லை. போடிநாயக்கனூருக்கு மேலே, 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். பலர் உங்களையும் என்னையும் போல வார லீவுக்குக் கிளம்பிய இளவட்டங்கள். காய்ந்த புல்சரிவு. மேல்நோக்கி ஓடும் தீக்கு, சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 டிகிரி என்றால் நாலு மடங்கு. கூட்டு வட்டிக் கணக்கு. அதை ஓடி ஜெயிக்க யாராலும் முடியாது.

தமிழ்நாடு வனத்துறை 2024-ல் ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில், தீக்காலம் வந்ததும் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அப்போது பார்த்து, "ரேஞ்சர் நம்மாளுதான் மச்சி, போய்க்கலாம்" என்று கூப்பிடும் நண்பன் உங்களுக்கும் இருப்பான். எனக்கு இரண்டு பேர். அதில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டு போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.