சங்கத்தின் கதவு எத்தனை நாள் மூடியிருக்கலாம்?

அண்மையில் ஒரு மாநாட்டுக்குச் சென்று வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 'தொழில் தொடர்ச்சியும் நெருக்கடி நிர்வாகமும்' என்பது அங்கே பேசப்பட்ட பொருள். வங்கிகள், ஆலைகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், கம்ப்யூட்டர் நிறுவனங்கள் ஆகியவற்றின் அதிகாரிகள் இரண்டு நாட்கள் கூடி விவாதித்தார்கள். கூட்டுறவுத் துறையிலிருந்து வந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். முதல் நாள் முற்பகல் முழுவதும், 'தறி நெய்வோருக்கும் ஏர் உழுவோருக்கும் இதில் என்ன இருக்கிறது?' என்ற எண்ணத்துடனேயே நாம் அமர்ந்திருந்தோம். இரண்டாம் நாள் மாலையிலோ, இவ்விஷயம் பெரிய கம்பெனிகளைவிட நம்முடைய சிறிய சங்கங்களுக்கே மிகவும் அவசியமானது என்ற முடிவுடன் ஊர் திரும்பினோம். அம்முடிவுக்கு வந்த காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தொழில் தொடர்ச்சி என்பது புதிய சொல்லாகத் தோன்றினும் அதன் பொருள் எளியதே. வெள்ளம், தீ, புயல், கொள்ளைநோய், மின்தடை ஆகிய எது நேரினும், ஒரு நிறுவனம் தன் முக்கியமான வேலையை நிறுத்தாமல் நடத்துவதற்கும், நின்றுவிட்டால் குறித்த காலத்துக்குள் மீண்டும் தொடங்குவதற்கும் முன்கூட்டியே செய்து வைக்கும் ஏற்பாடுதான் அது. இதற்கென்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு, 22301 என்ற எண்ணுள்ள தரவிதியை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2019-இல் திருத்தி அமைத்தது. அவ்விதியைச் சுருக்கிச் சொன்னால் நான்கு கேள்விகள் மிஞ்சுகின்றன. நம் வேலைகளுள் எது நின்றால் கேடு மிகுதி? அது எத்தனை நாள் நின்றால் தாங்க முடியாது? அதை நடத்த எந்த ஆள், எந்தப் பொருள், எந்த ஏடு இன்றியமையாதவை? அவை இல்லாமற்போனால் மாற்று எது? இந்நான்கு கேள்விகளையும் கேட்பதற்குக் குளிர்சாதன மண்டபம் வேண்டியதில்லை. சங்கத்துத் திண்ணை போதும்.

இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சம்பவத்தை இங்கே சொல்லுவது பொருந்தும். ஜப்பான் நாட்டில் கரியா என்னும் ஊரில், அய்சின் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி விடியற்காலையில் தீக்கிரையாயிற்று. டொயோட்டா மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய பிரேக் வால்வு ஒன்று ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே இடத்திற்றான் செய்யப்பட்டு வந்தது. சரக்கைக் குவித்து வைக்காமல், வேண்டியபோது வேண்டிய அளவே வரவழைப்பது டொயோட்டாவின் முறை. ஆகையால் கையிருப்பு மிகச் சொற்பம். சில நாட்களுக்குள் அதன் தொழிற்சாலைகளிற் பெரும்பாலானவை நின்றுபோயின. அப்பொழுது அய்சின் நிறுவனம் வால்வின் வரைபடங்களை ஒளித்து வைக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதைச் செய்ய முன்வந்தன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. விலை என்ன, இலாபம் என்ன என்று பேரம் பேசி நாளைக் கழிக்காமல் அவை வேலையைத் தொடங்கின. ஏறக்குறைய ஒரு வாரத்தில் மோட்டார் உற்பத்தி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது.

அந்நிறுவனங்கள் இலாபம் தேடும் கம்பெனிகள். ஆயினும் ஆபத்துக் காலத்தில் அவற்றைக் காத்தது கூட்டுறவே. ஒன்றுக்கொன்று உதவுவதையே கொள்கையாகக் கொண்ட நம் சங்கங்கள், பக்கத்து ஊர்ச் சங்கம் தத்தளிக்கும்போது இரண்டு சிப்பம் நூல் கடனாகக் கொடுப்பதற்குக்கூட ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றனவா? நாம் பார்த்தவரையில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி, நம்முடைய குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பணியில் சேர்ந்த புதிதில், கடற்கரை மாவட்டம் ஒன்றில் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்தோம். ரொக்க இருப்பு சரி, நூல் இருப்பு சரி, கூலிப் பட்டியல் சரி, ஏடுகள் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன என்று குறிப்பு எழுதி ஒப்பமிட்டோம். சில வாரங்களுக்குள் 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. இரவோடிரவாகச் சங்கத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. ஏடுகள் யாவும் பீரோவின் அடித்தட்டுகளில் இருந்தன. நீர் வடிந்தபின் பீரோவைத் திறந்தபோது, பங்குப் பதிவேடும் கூலிப் பதிவேடும் சிக்கன நிதிப் பேரேடும் பிரிக்க முடியாத கட்டிகளாகக் கிடந்தன. நூலுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஏட்டுக்குப் பிரதி இல்லை. பாஸ்புத்தகத்தை வீட்டில் வைத்திருந்தவர்கள் தங்கள் தொகையை நிரூபித்தார்கள். 'பதிந்து தருகிறோம், இங்கேயே இருக்கட்டும்' என்ற சொல்லை நம்பிச் சங்கத்தில் விட்டு வைத்தவர்கள் தவித்தார்கள். முதிய நெசவாளர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, நான் எத்தனை சேலை நெய்து கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரியாமற் போய்விட்டதே" என்றார். அவருக்கு விடை கூற நம்மால் இயலவில்லை.

கூலிப் பட்டுவாடா மீண்டும் தொடங்க ஆறு வாரம் ஆயிற்று. குழித்தறிகளில் ஊறிய நீர் அதற்கு வெகு முன்பே வற்றிவிட்டது. தறி ஓடத் தயார்; கை தயார்; சங்கம் தயாராக இல்லை. இடையில் சில குடும்பங்கள் தனி முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அவருடைய பாவைத் தறியில் ஏற்றின. அவர்களுள் பலர் சங்கத்துக்குத் திரும்பவே இல்லை. நாம் எழுதிய ஆய்வுக் குறிப்பில் ஒரு வரியும் பொய்யில்லை; ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு மாநாட்டில் பேசியவர்கள் விற்பனை நஷ்டத்தைக் கொண்டே கணக்குச் சொன்னார்கள். இந்த இடத்தில் நாம் அவர்களுடன் மாறுபடுகிறோம். கம்பெனிக்கு விற்பனை அளவுகோலாகலாம். சங்கத்துக்கு அங்கத்தினர் வீட்டு அடுப்பே அளவுகோல். வாரக் கூலி வாங்கும் நெசவாளியின் வீடு இரண்டு வாரம் தாங்கும். மூன்றாம் வாரத்தில் கடன் வாசற்படி ஏறும். விவசாயியின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. மேலுரம் இட வேண்டிய நாளில் உரம் கிடைக்காவிட்டால், அடுத்த மாதம் மூட்டை மூட்டையாய்க் கொடுத்தும் பயனில்லை. அறுத்து வயலில் உலர விட்ட கதிர் புயலிலோ பருவந் தவறிய மழையிலோ கெட்டால், பயிர்க் காப்பீட்டு விதிப்படி 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அந்த மூன்று நாட்களில் சங்கம் பூட்டிக் கிடந்தால், அந்த உழவர் யாரிடம் போவார்? சங்கத்தின் கதவு எத்தனை நாள் மூடியிருக்கலாம் என்பதை இவ்வாறு வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் கணிக்க வேண்டுமேயன்றி, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அன்று.

'எந்த ஆபத்து வரும் என்று யார் கண்டது? எதற்கென்று ஏற்பாடு செய்வது?' என்று சிலர் கேட்கலாம். சென்ற சில ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்போம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. அதே மாதம் 14-ஆம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அந்நோட்டுகளை ஏற்கவோ மாற்றித் தரவோ கூடாதென ரிசர்வ் வங்கி தடுத்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. 2020 மார்ச் 25 முதல் நோய்த் தடுப்புக்காக நாடே அடைக்கப்பட்டது. துணிக் கடைகள் மூடின, நெய்த சேலைகள் தேங்கின. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் பணி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தீயோர் தாக்கியதால், ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டு, ஆகஸ்டு முதல் தேதியன்று மீண்டும் தொடங்கியது. நோட்டு, காற்று, நோய், கம்ப்யூட்டர் என்று காரணங்கள் நான்கு. விளைவோ ஒன்றே: அங்கத்தினர் நாடி வரும்போது சங்கத்தால் கொடுக்க முடியவில்லை. ஆகவே காரணத்தை ஊகித்துக் கொண்டிராமல், விளைவுக்கு ஏற்பாடு செய்தல் போதுமானது. மாநாட்டில் நாம் கற்றவற்றுள் இதுவே தலையாயது.

'வெள்ளம் வந்தால் அரசாங்கம் உதவாதா?' என்றும் கேட்பதுண்டு. உதவும். ஆனால் நிவாரணம் பட்டியலைப் பார்த்து வருவது. பட்டியல் சங்கத்து ஏட்டிலிருந்து வருவது. ஏடு கரைந்தால் உதவியும் தாமதமாகும். 'கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி ஏட்டுக்கு ஏன் கவலை?' என்பது மற்றொரு கேள்வி. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் அனுமதி அளித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மின்சாரம் இல்லாத பத்து நாட்களில் அந்தக் கம்ப்யூட்டர் பேசாது. சென்ற மாதக் கடைசி நிலுவையைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்த சங்கமே அப்பொழுது பேசும்.

செய்ய வேண்டியவை மிகப் பெரிய காரியங்கள் அல்ல. அங்கத்தினர் பட்டியல், பங்குத் தொகை, சிக்கன நிதி, கூலி பாக்கி, கடன் நிலுவை ஆகிய ஐந்துக்கும் மாதந்தோறும் ஒரு பிரதி எடுத்து, மேட்டுப் பாங்கான வேறோர் ஊரிலுள்ள சங்கத்தில் முத்திரையிட்டு வைக்கலாம். அவர்களுடைய பிரதியை நாம் காக்கலாம். பாஸ்புத்தகம் அங்கத்தினர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பான விதி செய்யலாம். பெட்டிச் சாவியும் கம்ப்யூட்டர் கடவுச்சொல்லும் ஒருவரோடு நில்லாமல், அவசர காலத்தில் இன்னார் பொறுப்பேற்பார் என்று நிர்வாகக் குழு தீர்மானம் எழுதி வைக்கலாம். இரண்டு வாரக் கூலிக்கு ஈடான தொகையை உடனே எடுக்கத்தக்க விதத்தில், விதிகளுக்கு உட்பட்டு, ஒதுக்கி வைக்கலாம். நூலையும் உரத்தையும் ஆபத்தில் கடனாகப் பெற அண்டைச் சங்கங்களுடன் உடன்படிக்கை செய்து, மேலதிகாரிகளின் இசைவையும் முன்னதாகவே பெறலாம். வெள்ளத்துக்கு நடுவே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவது யாருக்கும் உதவாது.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. ஆண்டுக்கொரு நாள், காரியதரிசியை வீட்டில் இருக்கச் சொல்லி, மின்விசையை நிறுத்தி, சங்கத்தை நடத்திப் பாருங்கள். பத்து நெசவாளருக்குக் கூலி கொடுக்க முடிகிறதா? ஐந்து உழவர்களின் நிலுவையைச் சொல்ல முடிகிறதா? எங்கே தடுக்கிறதோ அங்கேதான் நம் பலவீனம் இருக்கிறது. நம் காரியதரிசிகள் பெரும்பாலும் உழைப்பாளிகள். குறைந்த ஊதியத்தில் சங்கத்தைத் தோளில் சுமப்பவர்கள். ஆனால் நல்ல காரியதரிசிக்கும் காய்ச்சல் வரும். எல்லா விஷயமும் ஒருவர் தலைக்குள்ளேயே இருப்பது சங்கத்துக்கு ஆபத்து, அவருக்கும் பாரம். விஷயத்தைத் தம்மிடமே வைத்துக் கொண்டால்தான் மதிப்பு என்று எண்ணுவோர் எங்கேனும் இருப்பின், அந்த எண்ணத்தை மாற்றுவது பொதுச் சபையின் கடமை.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறோம். இனி நாம் ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு சங்கத்திலும், ரொக்கத்தை எண்ணுமுன் ஒரு கேள்வி கேட்போம்: "இந்த அறை இன்றிரவு நீரில் மூழ்கினால், நாளை மறுநாள் கூலி கொடுக்க வழி என்ன?" பதிலைக் குறிப்பில் எழுதுவோம். பதில் இல்லையேல் அதையும் எழுதுவோம்.

நம் இயக்கமே நெருக்கடியிற் பிறந்ததுதான். 1844-இல் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 பேரும் வறுமையை எதிர்த்து நின்ற எளியோர்; நெசவாளர்களும் அவர்களுள் இருந்தனர். ஜெர்மனியில் 1846-47-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வேயர்புஷ் என்னும் சிற்றூரின் மேயராயிருந்த ரைபைசன் ஊராரைக் கூட்டி ரொட்டிச் சங்கம் அமைத்தார். அவர் வகுத்த வழியையே பின்னர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தார். துன்பம் வந்தபின் கூடியவர்கள் அவர்கள். நாமோ ஏற்கெனவே கூடியிருக்கிறோம். துன்பம் வருமுன் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுவதுதான் பாக்கி. வரும் பொதுச் சபைக் கூட்டத்தில் அந்தத் தாளை முதற் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம். வடகிழக்குப் பருவமழை நம் தீர்மானத்துக்காகக் காத்திராது.