சாஃப்ட் காப்பி சும்மா வருமா?

"பிரின்ட் வேணாம் மேடம், சாஃப்ட் காப்பி மட்டும் அனுப்பிடுங்க. பேப்பர் செலவுகூட இல்லையே, அதுக்கு எதுக்குக் காசு?"

வீட்டிலிருந்தபடியே குழந்தை போட்டோ, வளைகாப்பு போட்டோ எடுத்துத் தரும் தோழி ஒருவர், இப்படிக் கேட்பவர்களுக்கு என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

பிலிம் காலத்தில் ஸ்டூடியோவில் பிரின்ட்டைக் கொடுப்பார்கள். நெகட்டிவ் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். பாட்டிக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று மறுபடியும் பிரின்ட் கேட்டு வருவார்கள். அதிலும் நாலு காசு கிடைக்கும். இன்று முழு அளவு ஃபைலைக் கொடுப்பது, நெகட்டிவையே கொடுப்பது மாதிரி. அதன்பிறகு அந்தப் படத்தில் உங்களுக்கு வருமானம் இல்லை. வாங்க வேண்டியதை அப்போதே வாங்கிவிட வேண்டும்.

எவ்வளவு? பேப்பர் விலையை மறந்துவிட்டு, உங்கள் மாதச் செலவிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு, 1,20,000 ரூபாய் கேமராவும் லென்ஸும் 4 வருடம் உழைத்தால், மாதத்துக்கு 2,500. கரன்ட், எடிட்டிங் சாஃப்ட்வேர், பெட்ரோல், அலங்காரப் பொருள்கள் 7,500. உங்கள் சம்பளம் 20,000. மொத்தம் 30,000. மாதம் 8 ஆர்டர் என்றால் ஒன்றுக்கு 3,750 ரூபாய். அதில் 15 படங்கள் கொடுத்தால், ஒரு படத்தின் அடக்கம் 250 ரூபாய். 'படத்துக்கு 50 ரூபாய்' என்று ஒப்புக்கொண்டால், சம்பளம் இருக்கட்டும், செலவுக்கே காணாது! பிள்ளைகள் தூங்கிய பிறகு கண்விழித்து எடிட் செய்வதும் வேலைதான். அதற்கும் கூலி உண்டு.

விலையைச் சில்லறையாகப் பேசாதீர்கள். 'போட்டோ எடுப்பதும் 15 ஃபைலும் சேர்த்து 4,000. கூடுதல் படம் ஒவ்வொன்றும் 250' என்று முதலிலேயே சொல்லுங்கள். போனில் பார்க்க மட்டும் போதும் என்பவருக்குச் சின்ன ஃபைலைக் குறைந்த விலைக்குத் தரலாம். ஆனால், 8-க்கு 12 இன்ச் பிரின்ட் தெளிவாக வர 2,400-க்கு 3,600 பிக்ஸல் தேவை. சின்ன ஃபைல் அதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர்தான் முதல் உரிமையாளர். 'எடுத்தது நான்தானே' என்று நீங்களாக விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. எனவே எத்தனை படம், என்ன அளவு, எத்தனை மாதம் ஃபைலைப் பாதுகாப்பீர்கள், உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா என்பதையெல்லாம் முன்பணம் வாங்கும்போதே எழுதி, சம்மதம் வாங்குங்கள். குழந்தைகளின் படம் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் போடவே கூடாது.

சொந்தக்காரர்கள் கேட்டால்? தாராளமாகத் தள்ளுபடி கொடுங்கள். ஆனால், பில்லில் முழு விலையையும் எழுதி, அதில் கழித்துக் காட்டுங்கள். நீங்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரியும். உங்கள் கணக்கும் சரியாக இருக்கும்.