கழன்ற பல்லுறையும் ஒரு நாட் பேரும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், அண்மையில் வகுப்பு முடிந்த பின் தயங்கியவாறு அருகில் வந்து நின்றான்.

"சேர், அம்மாவுக்குப் பல்லில் போட்ட மூடி போன வருடம் கழன்றுவிட்டது. கடையில் பசை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். இப்போது கன்னம் வீங்கியிருக்கிறது" என்றான்.

அன்றே பதுளைக்கு அழைத்து வந்திருக்கலாமே என்றோம். "வந்தால் ஒரு நாள் பேர் போய்விடுமே, சேர்" என்றான். கொழுந்தெடுத்து வாழும் லயத்து வீட்டின் நியாயம் அது, நகைப்பதற்குரியதன்று. ஆயினும் அக்கணக்கில் ஒரு பிழை இருந்தது.

பல்லுறையை ஒட்டுவதற்கும் வைத்தியர் சீமெந்து என்றே பெயர் சொல்வார். அது வீடு கட்டும் சீமெந்தன்று. அதற்குத் தொழில் இரண்டு: உறையைப் பிடித்து வைத்தல், உறைக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள மயிரிழை வெளியை அடைத்துக் கிருமி புகாது காத்தல். தற்காலிக உறைக்குப் பெரும்பாலும் நாகவொட்சைட்டும் கராம்பெண்ணெய்ச் சத்தும் கலந்த பசையை இடுவர். மீண்டும் எளிதிற் கழற்றவேண்டும் என்பதற்காகவே அதன் பிடி மெலிதாயிருக்கும். நிலையான உறைக்கு உதவுவனவற்றுள் ஒன்று, 1972 இல் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்னும் இருவர் அறிமுகஞ் செய்த கண்ணாடித்தூட் சீமெந்து. அது பல்லோடு தானே பற்றிக்கொள்ளும். சிறிதளவு புளோரைட்டையும் கசியவிடும். சில நிமிடங்களில் இறுகினாலும், முழு வலிமை பெற ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். ஆகவே அன்று மறுபக்கத்தால் மென்மையான உணவை உண்ணுதல் நன்று.

உறையிட்ட பின் சில நாள் குளிர்நீர் கூசுவது இயல்பே. ஆனால் கடிக்கும்போது அப்பல் மட்டும் முந்தி முட்டினால் பொறுத்திருத்தலாகாது; வைத்தியரிடம் சொன்னால் சிறிது தேய்த்துச் சரிசெய்வார்.

உறை கழன்றால் செய்யவேண்டியது யாது? அதைக் கழுவிச் சிறு டப்பியில் இட்டுப் பத்திரப்படுத்துக. அப்பக்கத்தால் மெல்லற்க. ஆடும் உறையுடன் உறங்கற்க, மூச்சுக்குழாயினுட் செல்லக்கூடும். சில நாளுக்குள் வைத்தியரிடம் செல்க. உள்ளிருக்கும் பல் பழுதின்றி இருப்பின் பெரும்பாலும் அதே உறையை மீண்டும் ஒட்டிவிடலாம். கடைப்பசை வாய்க்கு உரியதன்று. கோணலாய் ஒட்டினால் கழற்றுவதும் அரிது. உள்ளே அகப்பட்ட கிருமி பல்லை அரித்துக்கொண்டேயிருக்கும். வேர்ச்சிகிச்சை செய்து நரம்பு நீக்கிய பல்லோ கூசி எச்சரிக்காது. வலியில்லை என்பதால் நலமென்று கொள்ளுதல் தவறு.

மறுநாள் தாயும் மகனும் பதுளை வந்தனர். அரிப்பு வேர்வரை சென்றிருந்தமையால் பல்லைப் பிடுங்கவேண்டியதாயிற்று. வீக்கமும் வலியும் ஆறும்வரை அந்தத் தாய் மலையேறவில்லை. ஒரு பேரைக் காக்க முயன்றவர் நான்கு பேரை இழந்தார், பல்லையும் இழந்தார்.

மாணவர்களே, உங்கள் அன்னையர் தம் நோவை உங்களிடம் சொல்லார். நீங்களே கேட்டறியுங்கள். கழன்ற அன்றே கேட்டால் ஒரு நாட் பேரோடு போகும்.